நழுவுபலகைக் கைபேசி

கேளம்பாக்கம் நம் கல்லூரி அன்பர்களுக்குப் புதிய ஊர் அன்று. வண்டலூரினின்றும் கிழக்கே வரும் சாலையும், சென்னையினின்றும் தெற்கே மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையும் கூடுமிடத்தில் அஃது அமைந்துள்ளது. வடபால் சிறுசேரியில் கணினித் தொழில் நடக்கும் மாடங்கள் வானளாவி நிற்கின்றன. கிழக்கே கோவளம் செல்லும் வழியிலோ உப்பளங்களும் உப்பங்கழியும் பரந்து கிடக்கின்றன. குளிர்காலத்தில் நாரையும் உள்ளானும் அங்கே வந்து மேய்வதைக் காணலாம். கணினி ஒரு பாலும் உப்பு மற்றொரு பாலுமாக அமைந்த அவ்வூரிலேதான் இக்கட்டுரைக்கு வித்து ஊன்றப்பெற்றது.

என்னோடு இக்கல்லூரியிற் பயின்ற நண்பர் ஒருவர் அங்கே வாழ்கின்றார். இளமையிலேயே கண்ணொளி இழந்தவர். வகுப்பிலே நாங்கள் எழுதிக்கொண்டதை அவர் கேட்டே மனத்திற் பதித்துக்கொள்வார்; பரீட்சையில் எங்களை விஞ்சியும் நிற்பார். 2009-ஆம் ஆண்டில் அவர் ஒரு கைபேசி வாங்கினார். மேலே திரை, அத்திரையைப் பெருவிரலால் தள்ளினால் அது பக்கவாட்டில் நழுவி விலகும், அதன் அடியிலே தட்டச்சுப் பொறியில் உள்ளது போன்ற விசைப்பலகை ஒன்று தோன்றும். திரையில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லும் நிரல் ஒன்றும் அதில் இருந்தது. ஆனால் எழுதுவதற்கு அந்த நிரலின் துணையும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பத்து நாட்களில் விசைகளின் இடமெல்லாம் அவர் விரல்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. பேருந்தில் அமர்ந்து, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பியவாறே கடிதம் எழுதுவார். அதைக் காண்போர் வியப்பர்.

2012-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அத்திரை இருண்டுவிட்டது. மூடியிருக்கும்போது ஒளி வரும், திறந்தால் மறையும். கூட்டுரோட்டில் இருந்த பழுது பார்க்கும் கடைக்கு இருவரும் சென்றோம். கடைக்காரர் ஆறு சிறு திருகுகளைக் கழற்றி, இரு பாதிகளையும் பிரித்துப் பார்த்துவிட்டு, “சார், உள்ளே பட்டை போய்விட்டது” என்றார். அவர் எடுத்துக் காட்டியது ஒரு விரல் அகலமுள்ள, தேன்நிறமான மெல்லிய படலம். நண்பர் அதைத் தடவிப் பார்த்தார். “இவ்வளவு பெரிய மூளையை உள்ளே வைத்தவர்களுக்கு இந்தச் சிறு பட்டையைக் காக்கத் தெரியவில்லையா?” என்று என்னைக் கேட்டார். பௌதிக சாஸ்திரம் கற்றவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆயினும் அன்று விடை சொல்ல இயலவில்லை.

அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. நண்பரது கைபேசியைச் செய்தோர் யாவர் என்பது ஈண்டு வேண்டுவதன்று. அவ்வினத்துள் உலகறிந்ததும், உள்ளமைப்புப் பலராலும் ஆராயப்பெற்றதுமாகிய வேறொன்றை எடுத்துக்கொண்டு விளக்குவேன். அது தைவான் நாட்டு எச்.டி.சி. நிறுவனம் செய்த ‘டிரீம்’ என்பது. 2008 செப்டம்பர் 23-ஆம் நாள் நியூயார்க்கில் காட்டப்பெற்று, அக்டோபர் 22-ஆம் நாள் அமெரிக்காவில் ‘டி-மொபைல் ஜி1’ என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. இன்று நம்மவரிற் பெரும்பாலோர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு என்னும் இயங்குமுறையைத் தாங்கிப் பொதுமக்களிடம் வந்த முதற் கைபேசி அதுவே. அடுத்த ஏப்ரலுக்குள் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் விற்றன.

அதற்கு இவ்வடிவம் வந்த வரலாறு சுவையானது. ஆண்ட்ராய்டை வகுத்தோர் முதலிற் கருதிய மாதிரியில் திரை சிறியது. அதன் கீழே விசைகள் நிலையாகப் பதிந்திருந்தன. திரையைத் தொட்டு இயக்கும் வசதி இல்லை. ‘சூனர்’ என்று அதற்குப் பெயர். 2007 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தார் ஐபோனைக் காட்டியபின், விரலால் தொட்டு இயக்கும் பெருந்திரை இல்லாத கைபேசி இனி நிலைபெறாது என்பது தெளிவாயிற்று. ஆனால் கண்ணாடியின்மேல் எழுதுவதை அக்காலத்தில் பலர் நம்பவில்லை. கடிதம் எழுதுவோர்க்கு விசை வேண்டும் என்று எண்ணினர். பெருந்திரையும் வேண்டும், விசைப்பலகையும் வேண்டும், உள்ளங்கையோ ஒன்றுதான். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர்.

அடுக்கியதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. டிரீமின் நீளம் 117.7 மில்லிமீட்டர், அகலம் 55.7, கனம் 17.1, நிறை 158 கிராம். விசைகளே இல்லாத முதல் ஐபோனின் கனம் 11.6 மில்லிமீட்டர், நிறை 135 கிராம். இரண்டிற்குமுள்ள வேறுபாடு ஐந்தரை மில்லிமீட்டர். அந்த ஐந்தரை மில்லிமீட்டருக்குள் விசை, கீல், சுருள்வில், பட்டை, இரு பாதிகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடம் யாவும் அடங்க வேண்டும்.

அதன் மூளையைப் பற்றி நெடிது சொல்ல வேண்டுவதில்லை. குவால்காம் நிறுவனத்தார் செய்த ஒரே சில்லில் இரண்டு கணிப்பான்கள்: ஒன்று திரையையும் நிரல்களையும் ஆள்வது, மற்றொன்று வானலையோடு பேசுவது. முன்னது விநாடிக்கு 52 கோடியே 80 லட்சம் முறை துடிப்பது. நினைவகம் 192 மெகாபைட். நிலைத்த சேமிப்பு 256 மெகாபைட், அதிலும் உடையவர் நிரல்களுக்கு எஞ்சியது சுமார் 70 மட்டுமே. இன்றைய மலிவான கைபேசியும் இதனைக் கண்டு நகைக்கும். படம் பிடிக்கும் வில்லை பின்புறம் ஒன்று, முன்புறம் இல்லை. செவியில் மாட்டும் கருவிக்கு வழக்கமான வட்டத் துளையும் இல்லை. மின்னேற்றும் வாயே அதற்கும் வாய். மின்கலம் 1150 மில்லியாம்பியர்-மணி. அதை உடையவரே கழற்றி மாற்றலாம். இவையெல்லாம் ஆண்டுதோறும் மாறும் எண்கள். பெரிய அறிவெல்லாம் அடைபட்ட சில்லோ ஒருமுறை பலகையிற் பற்றவைத்தால் அசைவதில்லை. அசையாத பொருளைக் காப்பது எளிது.

இனி விசைக்கு வருவோம். நாம் விசையை அழுத்தும்போது ‘டிக்’ என்று ஓர் உணர்ச்சி விரலில் எழுகின்றதே, அதற்குக் காரணம் விசையின் கீழுள்ள உலோகக் குமிழ். கவிழ்த்த உழக்குப் போல மெல்லிய துருவுறா எஃகினாற் செய்த அக்குமிழ், ஓர் அளவு வரை அழுத்தத்தைத் தாங்கும். அவ்வளவு கடந்ததும் திடுமெனச் சாய்ந்து நடுவே உட்குழியும். குழிந்த நடுப்பகுதி, அடியிலே பொன்முலாம் பூசிய புள்ளியைத் தொட்டு மின்னோட்டத்தை இணைக்கும். விரலை எடுத்ததும் தானே நிமிரும். விரலுக்குச் செய்தியும் சில்லுக்குச் செய்தியும் ஒரே கணத்திற் கொடுப்பது இதன் சிறப்பு. விசையைக் கண்ணாற் காணாதவர்க்கும் ‘எழுத்து விழுந்தது’ என்பது நிச்சயம். என் நண்பரது மடிக்கடிதத்தின் இரகசியம் இக்குமிழில்தான் இருந்தது.

டிரீமின் பலகையில் ஐந்து வரிசை விசைகள். ஐம்பது விசை என்று கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் தனிக் கம்பி இழுத்தால் சில்லுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கால்கள் இதற்கே செலவாகும். எனவே பரீட்சை மண்டபத்தில் நம்மை அமர்த்தும் முறையையே கையாள்கின்றனர். ‘மூன்றாம் வரிசை, ஐந்தாம் நிரல்’ என்றால் இன்ன மாணவன் என்று தெரிந்துவிடுகிறதன்றோ? அவ்வாறே ஏழு குறுக்குக் கம்பிகளையும் எட்டு நெடுக்குக் கம்பிகளையும் இட்டு, அவை வெட்டும் இடந்தோறும் ஒரு குமிழ் வைத்தால், பதினைந்து கம்பிகளால் 56 விசைகளை அறியலாம். சில்லானது ஒவ்வொரு குறுக்குக் கம்பியாக மின்னேற்றி, எந்த நெடுக்குக் கம்பியில் அம்மின் வெளிப்படுகிறது என்று விநாடிக்குப் பலமுறை சுற்றிப் பார்த்து வரும்.

இதில் ஒரு பொய்த்தோற்றம் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை ஒருங்கே அழுத்தினால், மின்னோட்டம் அவற்றின் வழியே வளைந்து சென்று, அழுத்தாத நான்காம் மூலை விசையையும் அழுத்தியதாகக் காட்டும். அதனைத் தவிர்க்க, ஒருங்கே அழுத்தப்பெறும் மாற்று விசை முதலியவற்றை இடமறிந்து வைக்க வேண்டும். மற்றுமொரு தொல்லை, குமிழ் அடியிலே தொடும்போது ஒருமுறை தொட்டு அமைவதில்லை. தரையில் விழுந்த பந்து போலச் சில ஆயிரத்திலொரு விநாடிகள் துள்ளும். சில்லின் விரைவுக்கு அது பத்து முறை அழுத்தியது போலாகும். ஆதலின் முதல் தொடுகைக்குப் பின் சற்றுப் பொறுத்து, நிலைத்த பின்னரே கணக்கில் எடுக்குமாறு நிரல் எழுதுகின்றனர்.

இத்தனை நுட்பம் இருந்தும் டிரீமின் விசைகள் தட்டையானவை, ஆழமற்றவை என்ற குறை அக்காலத்தே எழுந்தது. மேலே நழுவும் திரை உராயாமலிருக்க விசை உயரக் கூடாது. விரலுக்கு உணர்ச்சி தர விசை உயர வேண்டும். கீழ்ப்பாதியின் ஒரு முனையில், அழைப்பு விசைகளும் உருள்மணியும் பதித்த பகுதி தாடையைப் போலச் சற்றே முன் வளைந்து நிற்கும். திரை விலகும்போது அத்தாடை விலகாது. எனவே வலக்கைப் பெருவிரல் அதனைத் தாண்டியே விசைகளை எட்ட வேண்டும். தாடை ஏன் வளைந்தது என்பதற்கு, செவியில் வைத்துப் பேசுகையில் வாய்க்கு அணித்தாக என்று காரணம் கூறலாம். எழுதுகிறவர் கைக்கு அது இடையூறே. பேசும் கருவிக்கும் எழுதும் கருவிக்கும் இடையே நடந்த வழக்கில் தீர்ப்பு எழுதப்பெறாமலே வெளிவந்த பொருள் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

திரை நழுவும் முறையும் கருதத்தக்கது. டிரீமின் திரை நேர்கோட்டிற் செல்வதில்லை. சிறு வில் போல வளைந்து சென்று அமரும். பாதி வழி வரை விரல் தள்ள வேண்டும். அதன்பின் உள்ளேயுள்ள சுருள்வில் தானே இழுத்துச் சென்று ‘டக்’ என்று சேர்த்துவிடும். மூடும்போதும் அப்படியே. வில் இரு கோடிகளிலும் தளர்ந்தும், நடுவிலே இறுகியும் இருக்குமாறு அதை மாட்டியிருப்பதே காரணம். எனவே திரை நடுவழியில் நிற்காது. திறந்ததை அறிய ஒரு வழி வேண்டுமே! இவ்வினக் கைபேசிகளிற் பெரும்பாலும் ஒரு பாதியில் சிறு காந்தமும், மறு பாதியில் காந்தத்தை உணரும் சிறு சில்லும் வைப்பர். மின்னோட்டம் செல்லும் தகட்டின் குறுக்கே காந்தப்புலம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1879-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவராயிருந்த எட்வின் ஹால் கண்டறிந்தார். மாணவர் ஒருவர் கண்டதென்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்வார்களாக. தொடாமலே உணர்வதால் அங்கே தேய்மானம் இல்லை. டிரீமில் விசைப்பலகை திறந்ததும் திரையிலுள்ள காட்சி குறுக்காகத் திரும்பும். வெளிவந்த நாளில் காட்சி திரும்புவதற்கு அதுவே அடையாளம்.

இப்போது பட்டைக்கு வருவோம். கணிப்பான் கீழ்ப்பாதியில் உள்ளது, திரை மேற்பாதியில். இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகும். ஆயினும் இரண்டிற்குமிடையே செய்தி அறுதலாகாது. டிரீமின் திரையில் குறுக்கே 320, நெடுக்கே 480, ஆக 1,53,600 புள்ளிகள். விநாடிக்கு 60 முறை புதுப்பிப்பதாகக் கொண்டால் விநாடிதோறும் 92 லட்சம் புள்ளிகளின் நிறத்தைக் கீழிருந்து மேலே அனுப்ப வேண்டும். அதனோடு தொடுகையின் செய்தி, பின்னொளிக்கு மின்சாரம், செவியொலி யாவும் அவ்வழியே செல்ல வேண்டும். இவற்றிற்குரிய செப்புத் தடங்களெல்லாம் ஒரு பட்டையில் அருகருகே ஓடுகின்றன. கடைக்காரர் காட்டிய தேன்நிறப் படலம் பாலிஇமைடு என்னும் பொருள். வெப்பத்தையும் வளைவையும் தாங்குவதால் அதனைத் தேர்ந்தனர். அப்படலங்கள் இரண்டிற்கு நடுவே, மயிரினும் மெல்லிய செப்புத் தகடு.

பட்டையை நேராக வைத்தால் திரை நழுவும்போது அறும். எனவே ‘ப’ எழுத்தைப் படுக்க வைத்தாற்போல வளைத்து வைக்கின்றனர். திரை நகர நகர, அவ்வளைவு பட்டையின் வழியே உருண்டு செல்லும். பட்டை இழுபடுவதில்லை, வளையும் இடம் மட்டுமே மாறுகின்றது. உபாயம் நல்லதே. ஆனால் வளைவு தனக்குரிய கூலியை வாங்கிக்கொள்ளும். ஒரு பட்டை 0.1 மில்லிமீட்டர் தடிப்புடையதாகவும், வளைவின் ஆரம் 2 மில்லிமீட்டராகவும் இருப்பின், பட்டையின் வெளிப்புறம் நூற்றுக்கு 2.5 பங்கு நீளும். உட்புறம் அவ்வளவே சுருங்கும். நட்ட நடுவிலுள்ள பகுதி மட்டும் நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. ஆதலாற்றான் செப்பை நடுவே வைத்து இருபுறமும் சமமான படலம் போர்த்துகின்றனர். போர்வை ஒரு பக்கம் சற்றே தடித்தாலும் செப்பு நடுவினின்றும் விலகும். விலகிய அளவுக்கு இழுபடும்.

இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் அது ஒடியும் என்பதைச் சிறுவரும் அறிவர். செப்பும் அத்தன்மையதே, மெல்லிதாக வளைத்தால் பல்லாயிரம் முறை பொறுக்கும், ஆனால் எல்லை உண்டு. மின்னாற் படிய வைத்த செப்பில் மணிகள் நிமிர்ந்து நிற்கும். விரிசல் அவற்றின் இடையே எளிதில் இறங்கிவிடும். உருளையிட்டு நசுக்கிப் பதப்படுத்திய செப்பில் மணிகள் படுத்திருக்கும். விரிசல் அவற்றைக் கடக்க வருந்தும். ஆகவே ஓயாது வளையும் இடங்களில் பின்னதையே இடுவது நல்லோர் வழக்கம். ஒருவர் நாளொன்றுக்கு ஐம்பது முறை தம் கைபேசியைத் திறக்கிறார் எனின், ஆண்டுக்கு 18,250 முறை. என் நண்பர் ஐம்பதோடு நிற்பவரல்லர்; சிந்திக்கும்போதெல்லாம் அதைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். மூன்று ஆண்டுகளில் அவர் பட்டை எத்தனை ஆயிரம் முறை வளைந்திருக்கும் என்பதை வாசகர் கணக்கிட்டுக்கொள்ளலாம். மூடும்போது ஒளி வந்ததும் திறந்தால் மறைந்ததும் இதனாலேயே: விரிசல் விட்ட செப்பு ஒரு நிலையில் ஒட்டிக்கொண்டும் மறு நிலையில் பிரிந்தும் இருந்தது.

நிற்க. கடைக்காரர் மற்றொன்றும் சொன்னார். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கைபேசிகளில் பட்டையின் முனைகளும் குமிழ்களும் பச்சை பூத்திருக்கும் என்றார். இதற்குக் காரணம் கிழக்கேயுள்ள கடலிலும் உப்பளத்திலும் இருக்கிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத்தூளாகி உள்நாடு நோக்கி வருகின்றன. உப்புத்தூள் உலர்ந்திருக்கும் வரை பெருந்தீங்கு செய்யாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால், உப்பு அவ்வீரத்தைத் தானே உறிஞ்சிக் கரைந்து நீராகிவிடும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புச்சாடி கசிவதும் இவ்விதியாலேயே. இக்கரையில் இரவு நேரத்தில் ஈரம் அவ்வளவைக் கடப்பது அரிதன்று.

கரைந்த உப்புநீர் மின்னைக் கடத்தும். பொன்முலாம் மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளை வழியே அந்நீர் அடியிலுள்ள நிக்கலையும் செப்பையும் எட்டினால், பொன்னும் செப்பும் உப்புநீரும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமே ஆகிவிடும். அதில் அழிவது செப்பு. மேலும், அருகருகே செல்லும் இரு தடங்களில் ஒன்று நேர்மின்னும் மற்றொன்று எதிர்மின்னும் உடையதாயின், நேர்முனையிற் கரைந்த செப்பு எதிர்முனையிற் படிந்து, வேர் போலக் கிளைத்து, எதிர்த்தடத்தை நோக்கி வளரும். எட்டிவிட்டால் குறுக்கிணைப்பு. நழுவும் கைபேசியோ தன் இரு பாதிகளுக்கும் இடையே எப்போதும் ஒரு வாயிலை உடையது. திறக்குந்தோறும் அகம் புறக்காற்றை ஏற்கின்றது. சட்டைப்பையிலுள்ள நூல்துகளும் வியர்வையும் உடன் செல்கின்றன. அவ்வாயிலை ரப்பரால் இறுக அடைத்தால் நழுவாது. நழுவ விட்டால் அடைக்க முடியாது.

இதற்கு நேர்மாறான கைபேசி ஒன்றை நம் நாட்டில் எல்லாரும் கண்டிருப்பர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை ஆலை நடத்திய நோக்கியா நிறுவனத்தார், 2003-இல் 1100 என்னும் எளிய கைபேசியை வெளியிட்டிருந்தனர். இந்தியா போன்ற நாடுகளின் புழுதியையும் வியர்வையையும் கருதி, அதன் விசைகளைத் தனித்தனியே வைக்காமல், புழுதி நுழையாதபடி ஒரே ரப்பர் விரிப்பாக வார்த்தனர். அதில் அசையும் கீல் இல்லை. நழுவும் பட்டையும் இல்லை. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற அக்கைபேசி, தரையில் விழுந்தும் மழையில் நனைந்தும் உழைத்ததை நம் வீட்டுப் பெரியோர் சொல்வர். அறிவிற் குறைந்தது ஆயுளில் மிகுந்தது. ஆனால் அதன் பன்னிரண்டு விசைகளைக்கொண்டு நண்பர் மடியில் வைத்து எழுதியவற்றை எழுதியிருக்க இயலாது. ஓர் எழுத்துக்கு ஒரே விசையை மும்முறை அழுத்த வேண்டும்.

டிரீமின் விசைப்பலகையைப் பற்றித் தமிழர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அதில் தமிழ் எங்கே? விசையின்மேல் அச்சிட்ட எழுத்து ரோமன் எழுத்து. அச்சிட்டதை அழிக்க முடியாது. அக்காலத்து ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துருவும் இல்லை. தமிழ்க் கடிதம் வந்தால் திரையில் வெற்றுக் கட்டங்களே வரிசையாக நிற்கும். ஐந்து வரிசை விசைகளைக் கையில் வைத்துக்கொண்டு நம் தாய்மொழியை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினோம்.

இடம் போதாமை இதற்குக் காரணமன்று. தமிழெழுத்து 247 என்று கேட்டவுடன் பிறநாட்டார் திகைப்பர். நம்மவரிலும் அஞ்சியோர் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் தோன்றி மலாய் நாட்டிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள், 1930-களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஒழுங்குபடுத்தினார். விசிறியும் புள்ளியும் போன்ற குறிகளைப் பொறித்தபின் உருளை நகராதிருக்குமாறு செய்து, அதே இடத்தில் மெய்யெழுத்தையும் விழச் செய்தார். 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற ‘தமிழ்99’ அமைப்போ இன்னும் எளிது: பன்னிரண்டு உயிர் இடக்கைப் பக்கம், பதினெட்டு மெய் வலக்கைப் பக்கம், ஆய்தம் ஒன்று, மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய்யைக் கணினியே கூட்டித் தரும். 31 விசைகளில் 247-உம் அடங்கிவிட்டன. டிரீமின் பலகையில் அதற்கு இடம் தாராளம். ஆனால் பொன்முலாமும் எஃகுக் குமிழும் உடைய பலகையைத் தமிழருக்கென்று தனியே வார்க்கும் வணிகர் இல்லை.

2009 ஏப்ரலில் ஆண்ட்ராய்டின் 1.5-ஆம் பதிப்பு வந்தது. கண்ணாடித் திரையிலேயே விசைப்பலகையை வரைந்து காட்டும் ஆற்றல் அதனோடு வந்தது. டிரீம் வெளிவந்தபோது அவ்வாற்றல் அதற்கு இல்லை. ஒரு சொல் எழுதவும் பலகையைத் திறந்தே தீர வேண்டும். வரைந்த விசைக்குக் குமிழ் இல்லை, கீல் இல்லை, பட்டை வளைவதில்லை, உப்பு நுழைய வாயிலும் இல்லை. வேண்டியபோது தமிழாகவும் மாறும். எழுத்துரு வருவதற்குச் சில ஆண்டுகள் சென்றன. ஆயினும் தமிழ் வருவதற்குரிய வழி அன்றே திறந்தது. நழுவுபலகைக் கைபேசிகள் அதன்பின் சில ஆண்டுகளே நிலைத்தன. அவை மறைந்தபோது வருந்துவதற்குத் தமிழன் என்ற முறையில் எனக்குக் காரணம் ஒன்றுமில்லை.

நண்பருக்கோ இருந்தது. வழுவழுப்பான கண்ணாடியில் ‘அ’ எங்கே, ‘க’ எங்கே? விரலுக்கு எல்லாம் ஒன்றே. இத்துறையில் முதன்மையாக உழைத்தவர் நம் நாட்டவரான டி. வி. ராமன் என்பவர். புனேயிற் பிறந்து, பதினான்காம் வயதிற் கண்ணழுத்த நோயாற் பார்வை இழந்து, பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்று, கணித நூல்களைக் காதால் வாசிக்கும் முறையை வகுத்து 1994-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 2005-இல் கூகிள் நிறுவனத்திற் சேர்ந்த அவர், சார்லஸ் சென் என்னும் துணைவரோடு, இந்த டிரீமையே கையிற் கொண்டு ஆராய்ந்தார். கண்ணாடியில் எண்ணின் இடத்தைக் குருடர் தேட முடியாது. எனவே விரல் முதலில் எங்கே படுகின்றதோ அங்கே 5 என்று வைத்தார். அங்கிருந்து மேலே இழுத்தால் 2, கீழே இழுத்தால் 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. விரலை எடுத்தால் எண் பதியும். பிழை நேர்ந்தால் கைபேசியைக் குலுக்கினால் அழியும். நிலையான இடத்தைத் தேடுவதை விட்டு, விரல் பட்ட இடத்தையே நிலையாக்கியது அவர் திறம்.

ஆயினும் 2009-இல் ஆண்ட்ராய்டு 1.6-இல் வந்த வாய்பேசும் நிரலானது உருள்மணியும் விசைப்பலகையும் உள்ள கைபேசிகளிலேயே செவ்வையாகப் பயன்பட்டது. விரல் தடவும் இடத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே வரும் வசதி, ஆண்ட்ராய்டில் 2011-ஆம் ஆண்டின் 4.0-ஆம் பதிப்பிலேதான் வந்தது. ஆப்பிள் நிறுவனத்தார் அதற்கு இரண்டாண்டு முன்னரே, 2009 ஜூனில், தம் தொடுதிரைக்கு அத்தகைய வசதி செய்திருந்தனர். இடைப்பட்ட காலத்தில் ஆண்ட்ராய்டு வாங்க எண்ணிய பார்வையற்றோர்க்குக் கனத்த, கீலுடைய, பட்டை அறும் கைபேசியே துணை.

கேளம்பாக்கத்துக் கடைக்காரர் அன்று பட்டையை மாற்றிக் கொடுத்தார். புதுப் பட்டை எட்டு மாதம் உழைத்தது. அடுத்த முறை அவ்வகைப் பட்டை சந்தையிற் கிடைக்கவில்லை. 2013-இல் நண்பர் கண்ணாடிக் கைபேசிக்கு மாறினார். இப்போது தமிழிலேயே எழுதுகிறார். விரல் தடவ, கைபேசி ‘க’ என்றும் ‘ங’ என்றும் காதிற் சொல்ல, வேண்டியதைத் தேர்ந்துகொள்கிறார். அவர் எனக்கு எழுதும் கடிதங்களில் ளகர ழகரப் பிழை ஒன்றேனும் காணேன். ஆங்கில எழுத்தில் எழுதிய காலத்தில் அவ்வேறுபாடே எங்கள் கடிதங்களில் இருந்ததில்லை.

சென்ற மாதம் அவரோடு கேளம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். மாமல்லபுரம் செல்லும் வண்டிகளின் ஊதொலியும் நடத்துநர் கூவலும் காதை அடைத்தன. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு வரி எழுதத் தொடங்கிய நண்பர், கைபேசியைக் காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். அது சொல்வது கேட்கவில்லை. “பழையதாயிருந்தால் காது வேண்டாம் எனக்கு. வீட்டுக்குப் போய் எழுதுகிறேன்” என்று அதை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.